மஞ்சள் கோடும் 32 அணிகளும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்கள் புராஜெக்டின் வாடிக்கையாளர் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. தினமும் மாலை ஏழு மணிக்கு அவர்களோடு போனில் கூட்டம் நடக்கும். அங்கே அப்போது காலை நேரம். செவ்வாய் முதல் வெள்ளி வரை நேராக வேலை விஷயத்துக்கு வந்து விடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் முதல் பத்து நிமிடம் வேறு பேச்சு. "மூன்றாவது டவுனில் போய் ஏன் அவ்வளவு தூரம் வீசினான்?" என்பார் ஒருவர். "நாலாவதில் உதைத்திருக்கலாம்" என்பார் இன்னொருவர். எனக்கு ஒன்றும் புரியாது. மியூட் பட்டனை அழுத்தி விட்டு டீ குடித்துக் கொண்டிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை, இன்டர்நெட்டில் ஐந்து நிமிட ஹைலைட்ஸ் பார்த்து விட்டுத் தைரியமாகப் பேச்சில் கலந்து கொண்டேன். "மைதானத்தின் குறுக்கே இருக்கும் அந்த மஞ்சள் கோட்டை ஒவ்வொரு முறையும் எப்படி இவ்வளவு வேகமாக அழித்து விட்டு வேறு இடத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள்?" என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு நொடி அமைதி. அப்புறம் கிளம்பிய சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. அந்தக் கோடு மைதானத்திலேயே இல்லை. டிவியில் பார்ப்பவர்களுக்காகக் கம்ப்யூட்டர் வரைந்தது. இத்தனைக்கும் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன்!

அந்த அவமானத்தில் தொடங்கிய ஆர்வம் இன்று வரை விடவில்லை. கம்ப்யூட்டர் இதழில் விளையாட்டுக் கட்டுரையா என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் என்.எஃப்.எல்., அதாவது நேஷனல் ஃபுட்பால் லீக், எங்கே தொட்டாலும் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் லீக். இதன் சட்டதிட்டங்களும் யாரோ உட்கார்ந்து எழுதிய புரோகிராம் மாதிரிதான் எனக்குத் தெரிகின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு, அந்தப் பெட்டியால் என்னென்ன செய்ய முடியும் என்று காட்ட இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

காலால் உதைக்காத ஃபுட்பால்

முதலில் ஆட்டம். பெயரில் ஃபுட்பால் இருந்தாலும் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. இரண்டு முனையும் கூராக இருக்கும் பந்தைக் கையில் எடுத்துக் கொண்டு ஓடுவதும், முன்னால் ஓடுபவனுக்கு வீசுவதும்தான் ஆட்டம். அணிக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம் நீளம். இரு முனையிலும் ஆளுக்கு 10 கெஜத்தில் ஒரு கட்டம். எதிராளியின் அந்தக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டு போய் விட்டால் அது டச்டவுன், 6 புள்ளிகள். முடியவில்லையா? தூரத்தில் இருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளிகள் வாங்கிக் கொள்ளலாம். அது ஃபீல்டு கோல்.

பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 கெஜம் முன்னேறியாக வேண்டும். முன்னேறி விட்டால் மறுபடி புதிதாக நான்கு டவுன். இல்லாவிட்டால் பந்து எதிர் அணிக்குப் போய் விடும். கபடியில் ஒவ்வொரு ரெய்டும் தனித்தனியாக நடப்பதைப் போல இங்கே ஒவ்வொரு டவுனும் தனி. ஆள் விழுந்தான், விசில் ஊதியது, எல்லோரும் மறுபடி வரிசையில் நிற்பார்கள், அடுத்த திட்டம் தொடங்கும். திட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர்தான் பந்தை வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்பவர்.

ஆட்ட நேரம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள், ஆக மொத்தம் 60 நிமிடம். ஆனால் டிவி முன்னால் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான் என்று 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. மீதி எல்லாம் திட்டம் போடுவதும் விளம்பரமும். முதலில் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது, இந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு ஒத்துப் போவதற்குக் காரணமே இதுதான் என்று. ஒவ்வொரு டவுனும் டேட்டாபேஸில் ஒரு ரெக்கார்டு. எந்த இடம், எத்தனையாவது டவுன், எத்தனை கெஜம் தேவை, என்ன செய்தார்கள், எவ்வளவு கிடைத்தது. எல்லாம் கட்டம் கட்டமாக எழுதி வைக்கலாம்.

இல்லாத கோடு

இப்போது என் மானத்தை வாங்கிய மஞ்சள் கோட்டுக்கு வருவோம். அந்த 10 கெஜம் எங்கே முடிகிறது என்று வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்காக ஸ்போர்ட்விஷன் என்ற நிறுவனம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. 1998 செப்டம்பர் 27 அன்று பால்டிமோரில் ரேவன்ஸ், பெங்கால்ஸ் அணிகள் ஆடிய ஆட்டத்தில் ஈ.எஸ்.பி.என். டிவி அதை முதல் முறையாகக் காட்டியது.

கோடு போடுவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். உங்கள் கம்ப்யூட்டரில் பெயின்ட் புரோகிராமைத் திறந்து பாருங்கள். ஒரு போட்டோவை எடுத்து அதன் மேல் ஒரு மஞ்சள் கோடு இழுங்கள். கோடு போட்டோவில் இருக்கும் ஆட்களின் மேலேயே ஓடும். டிவியில் அப்படி இல்லை. ஆட்டக்காரர் கோட்டின் மேல் நடந்தால் கோடு அவர் காலுக்கு அடியில் போய் விடுகிறது. நான் ஏமாந்ததும் அதனால்தான்.

இதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதல் வேலை, கேமரா எங்கே பார்க்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். கேமரா எவ்வளவு திரும்பியது, எவ்வளவு குனிந்தது, எவ்வளவு ஜூம் ஆனது என்று அதில் பொருத்தப்பட்ட சென்சார்கள் தொடர்ந்து சொல்லிக் கொண்டே இருக்கும். மைதானத்தின் முப்பரிமாண மாதிரி முன்பே கம்ப்யூட்டரில் இருக்கும். மழை நீர் வடிய வேண்டும் என்பதற்காக இந்த மைதானங்களின் நடுப்பகுதியைச் சற்று மேடாக அமைப்பார்கள். அந்த மேட்டையும் அளந்து சேர்க்காவிட்டால் கோடு அந்தரத்தில் மிதக்கும்.

இரண்டாவது வேலை, நிறம். இன்னின்ன பச்சை புல்லின் நிறம், அதன் மேல் மஞ்சள் பூசு. இன்னின்ன நிறம் சட்டை, ஷூ, தோல், அவற்றைத் தொடாதே. பெயின்ட் புரோகிராமில் வாளிப் படத்தைக் க்ளிக் செய்து ஒரு நிறத்தில் ஊற்றினால் அந்த நிறம் உள்ள இடம் மட்டும் மாறுகிறது அல்லவா? அதே யோசனைதான். ஆனால் இதை நொடிக்குப் பல முறை, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். மேகம் மறைத்தால் புல்லின் நிறம் மாறும். பனி கொட்டினால் புல்லே தெரியாது. க்ரீன் பே அணியின் சட்டையே பச்சை! இதற்காகவே ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நிறங்களைத் திருத்திக் கொண்டே இருக்க வேண்டி இருந்தது.

கார் கடையில் பிறந்த லீக்

1920இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில் கூடிய சில அணிக்காரர்கள் தொடங்கியது இந்த லீக். இரண்டு வருடம் கழித்து 1922இல் இப்போதைய பெயர் வந்தது. 1960இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி லீக் முளைத்து, ஆட்டக்காரர்களைப் பிடிக்க இரண்டும் பணத்தை வாரி இறைத்தன. கட்டுப்படி ஆகவில்லை. 1966இல் சமாதானம் பேசி, 1970இல் ஒன்றாகி விட்டார்கள். இடையில் இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதிய ஆட்டம்தான் சூப்பர் பவுல் ஆனது. முதல் ஆட்டம் 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. க்ரீன் பே பேக்கர்ஸ் 35, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 10.

சூப்பர் பவுலுக்கு ரோமன் எண்களில் வரிசை எண் போடுவார்கள். 2016இல் 50வது வந்தபோது மட்டும் சாதாரண எண்ணில் 50 என்றே போட்டார்கள். ரோமன் முறையில் 50க்கு ஒரே ஓர் எழுத்துதான் வரும். தனியாக நின்றால் பார்க்க நன்றாக இல்லையாம். லோகோ டிசைன் செய்பவர்களின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்று 32 அணிகள். ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 16. அந்த 16ம் நான்கு நான்காக உட்பிரிவுகள். செப்டம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரங்கள் வரை ஓர் அணி 17 ஆட்டங்கள் ஆடும். 2020 வரை 16 ஆட்டங்கள்தான் இருந்தன. பிறகு 14 அணிகள் நாக் அவுட்டுக்குப் போகும். பிப்ரவரியில் சூப்பர் பவுல். ஒரு முக்கியமான விஷயம், இங்கிலாந்து ஃபுட்பால் லீக்கில் கடைசி இடத்தில் வரும் அணிகளைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளி விடுவார்களே, அது இங்கே கிடையாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் அடுத்த வருடமும் அதே 32 அணிகள்தான்.

தோற்றவனுக்கு முதல் பந்தி

அப்படி என்றால் கடைசி அணி எப்போதும் கடைசியாகவே இருந்து விடாதா? இங்கேதான் அந்தப் புரோகிராம் வருகிறது.

கல்லூரி முடித்து வரும் நல்ல ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. வரிசை. போன வருடம் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. ஏழு சுற்றுகள். இந்த யோசனையைக் கொடுத்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். அவர் அணி தொடர்ந்து தோற்றுக் கொண்டிருந்தது என்பதையும் சொல்லி விட வேண்டும்! 1936இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்வான ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இரண்டாவது விதி, சம்பள உச்சவரம்பு. 1994இல் வந்தது. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவு செய்யலாம். அந்த வருடம் 3.46 கோடி டாலர். 2025இல் 27.92 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இதற்கு மேல் போக முடியாது.

மூன்றாவது விதிதான் என்னை அசர வைத்தது. டிவி உரிமைப் பணத்தை அணிகள் சமமாகப் பிரித்துக் கொள்கின்றன. 1960இல் லீக்கின் தலைவரான பீட் ரோசெல் இதற்காகப் பாடுபட்டார். நியூயார்க் போன்ற பெரிய ஊர் அணிக்குத் தனியாக விற்றால் கொள்ளைப் பணம் கிடைக்கும். ஆனாலும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை வைத்திருந்த மாரா குடும்பம் பங்கு போட்டுக் கொள்ளச் சம்மதித்தது. லீக் மொத்தமாக விற்பதற்கு வழி செய்து 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. முதலாளித்துவத்தின் தலைமையகம் என்று நாம் நினைக்கும் நாட்டில், அந்த நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு லீக் இப்படி நடக்கிறது.

பலன் என்ன? விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் க்ரீன் பே நகரைப் பாருங்கள். மக்கள் தொகை சுமார் ஒரு லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி. அந்த ஊரின் பேக்கர்ஸ் அணிக்கு முதலாளியே கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ரசிகர்கள். லாபத்தில் ஒரு காசு வராது என்று தெரிந்தே பங்குப் பத்திரத்தை வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். டிவி பணத்தைப் பங்கு போடாத லீக்கில் இந்த அணி எப்போதோ காணாமல் போயிருக்கும். இங்கே நான்கு முறை சூப்பர் பவுல் ஜெயித்திருக்கிறது.

ஆனால் புரோகிராம் சரியாக எழுதி விட்டால் மட்டும் போதுமா? டெட்ராய்ட் லயன்ஸ் கதையைக் கேளுங்கள். 2008இல் 16 ஆட்டங்கள், 16லும் தோல்வி. 16 ஆட்ட சீசனில் அப்படித் தோற்ற முதல் அணி அதுதான். விதிப்படி 2009 டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைத்தது. மேத்யூ ஸ்டாஃபர்ட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அருமையான ஆட்டக்காரர். ஆனால் அவர் இருந்த 12 சீசனில் ஒரு நாக் அவுட் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. 2021இல் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு மாற்றி விட்டு, பதிலுக்கு ஜாரெட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கையும் எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார்கள். ஸ்டாஃபர்ட் போன வேகத்தில் 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார். டெட்ராய்ட் ரசிகர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

2024 ஜனவரி 14. நாக் அவுட் ஆட்டம், டெட்ராய்ட் மைதானம். எதிர் அணி ராம்ஸ். எதிர்ப்பக்கம் நிற்பது அதே ஸ்டாஃபர்ட். டெட்ராய்ட் 24, ராம்ஸ் 23. அந்த ஊருக்கு 32 வருடங்களுக்குப் பிறகு கிடைத்த முதல் நாக் அவுட் வெற்றி. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே, பாதி ஆட்டத்தில் 24க்கு 7 என்று முன்னால் இருந்தும் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோற்றார்கள். அது வேறு சோகம்.

இன்னொரு பக்கம் டாம் பிரேடி. 2000 டிராஃப்டில் 198 பேரை எடுத்து முடிக்கும் வரை யாரும் அவரைக் கவனிக்கவில்லை. 199வதாகத்தான் நியூ இங்கிலாந்து எடுத்தது. அவர் மொத்தம் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். உயரம், எடை, ஓட்ட வேகம் எல்லாம் அளந்து கணக்குப் போடும் நிபுணர்கள் நிறைந்த லீக்கில் இப்படி ஓர் ஓட்டை.

272 ஆட்டங்களுக்கு டைம் டேபிள்

பள்ளிக்கூடத்தில் டைம் டேபிள் போடும் ஆசிரியரைப் பார்த்திருக்கிறீர்களா? ஜூன் மாதம் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். என்.எஃப்.எல். டைம் டேபிள் அதை விடப் பெரிய தலைவலி. 18 வாரங்களில் 272 ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் நடுவில் ஒரு வாரம் ஓய்வு.

யார் யாரோடு ஆடுவது என்பதில் சிக்கல் இல்லை. அதற்குச் சூத்திரம் இருக்கிறது. உட்பிரிவில் உள்ள மூன்று அணிகளோடு இரண்டிரண்டு ஆட்டம், 6. தன் பிரிவின் வேறோர் உட்பிரிவோடு 4. அடுத்த பிரிவின் ஓர் உட்பிரிவோடு 4. மீதி 3 ஆட்டங்கள், போன வருடம் தன்னைப் போல அதே இடத்தில் முடித்த அணிகளோடு. ஆக 17. கடைசி இடம் வந்தவனுக்கு மற்ற கடைசி இடக்காரர்களோடு மூன்று ஆட்டம். இங்கேயும் தோற்றவனுக்கு ஒரு சலுகை. இந்தச் சூத்திரத்தை நீங்களே எக்செல்லில் போட்டு விடலாம்.

எப்போது, எந்த நாள், எந்த டிவியில் என்பதுதான் சிக்கல். நியூயார்க்கின் ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் இரண்டுக்கும் ஒரே மைதானம். லாஸ் ஏஞ்சலிஸிலும் அப்படியே. மைதானத்தில் பாட்டுக் கச்சேரி இருந்தால் அந்த வாரம் ஆட முடியாது. நவம்பரில் நன்றி செலுத்தும் திருநாள் வியாழன் அன்று டெட்ராய்ட், டல்லாஸ் இரண்டு ஊரிலும் ஆட்டம் வேண்டும். டெட்ராய்டில் இது 1934இல் தொடங்கிய வழக்கம். லண்டன் போய் ஆடி விட்டு வருபவர்களுக்கு அலுப்பு தீர வேண்டும். ஒவ்வொரு டிவிக்கும் நல்ல ஆட்டம் வேண்டும். முன்பு இதைப் பலகையில் அட்டைகளை மாட்டி மாட்டிக் கையாலேயே போட்டார்கள். இப்போது ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வாரக் கணக்கில் ஓடுகின்றன. ஆனாலும் கம்ப்யூட்டர் ஒரே விடையைக் கொடுத்து விடுவதில்லை. ஒவ்வொரு டைம் டேபிளுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தரும். எதை எடுப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்பவர்கள் மனிதர்கள்தான். மே மாதம் அதை அறிவிக்கும் நாளே அங்கே ஒரு திருவிழா.

தோள்பட்டையில் சிப்

குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். உள்ளே ரேடியோ இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சியாளர் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் திருப்பிப் பேச முடியாது. 1956இலேயே க்ளீவ்லண்ட் பயிற்சியாளர் பால் பிரவுன் இதை முயன்று பார்த்தார். உடனே தடை போட்டார்கள். 1994இல்தான் அனுமதி வந்தது. அதுவும் அடுத்த டவுன் தொடங்க 15 நொடி இருக்கும்போது ரேடியோ தானாக அணைந்து விடும். கடைசி நொடியில் யோசிக்க வேண்டியது ஆட்டக்காரர்தான், பயிற்சியாளர் அல்ல.

2014 முதல் ஆட்டக்காரர்களின் தோள் கவசத்துக்குள் நாணயம் அளவுள்ள சிப் வைக்கிறார்கள். ஸ்டேடியத்தைச் சுற்றி உள்ள ரிசீவர்கள், ஒவ்வோர் ஆளும் எங்கே இருக்கிறார் என்று நொடிக்கு 10 முறை குறித்துக் கொள்கின்றன. 2017 முதல் பந்துக்குள்ளும் சிப். கணக்குப் பாருங்கள். 22 பேர், நொடிக்கு 220 வரிகள். ஐந்து நொடி நடக்கும் ஒரு டவுனுக்கு 1,100 வரிகள். இப்படி 150 டவுன் என்று வைத்துக் கொண்டால் ஓர் ஆட்டத்துக்கு 1,65,000 வரிகள். பழைய எக்செல் 2003இல் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான். ஓர் ஆட்டமே அடங்காது!

அப்புறம் 2025இல் வந்த மாற்றம். 10 கெஜம் முன்னேறினார்களா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் நிற்கும் ஆட்கள் இரண்டு கம்புகளையும் நடுவில் ஒரு சங்கிலியையும் தூக்கிக் கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்து அளப்பார்கள். டிவியில் கம்ப்யூட்டர் கோடு போடும் காலத்திலும், உண்மையான அளவு அந்தச் சங்கிலிதான். 2025 சீசனில் அந்த வேலையை ஹாக் ஐ கேமராக்களிடம் கொடுத்தார்கள். கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. பார்க்கிறோமே, அதே ஹாக் ஐ. சங்கிலியை அவசரத்துக்கு ஓரமாக வைத்துக் கொண்டார்கள்.

ஆனால் ஒரு புரோகிராமராக எனக்கு இதில் ஒரு நெருடல். பந்து எந்த இடத்தில் நின்றது என்று தீர்மானிப்பது அப்போதும் அம்பயரின் கண்தான். பத்துப் பேர் குவியலாக விழுந்து கிடக்கும்போது அடியில் இருக்கும் பந்தை எந்தக் கேமராவும் பார்க்காது. கண்ணால் உத்தேசமாக வைத்த பந்தை அங்குல சுத்தமாக அளந்து என்ன பயன்? 2025 ஜனவரி 26 அன்று பஃபலோ, கன்சாஸ் சிட்டி ஆடிய ஆட்டத்தில் இதுதான் நடந்தது. பஃபலோவின் நான்காவது டவுன், தேவை ஒரு கெஜத்துக்கும் குறைவு. ஜாஷ் ஆலன் குவியலுக்குள் பாய்ந்தார். போதவில்லை என்றது தீர்ப்பு. ரீப்ளே பார்த்தும் மாற்ற ஆதாரம் இல்லை. பஃபலோ 32க்கு 29 என்று தோற்றது. அங்கே அதைப் பற்றிய சண்டை பல மாதம் ஓயவில்லை.

தலைக்குள் நடப்பது

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை விளம்பரமாகி விடும். 100 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் தலையோடு தலை மோதும் ஆட்டம் இது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் நான்கு சூப்பர் பவுல் ஜெயித்த மைக் வெப்ஸ்டர், கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, வீடின்றி அலைந்து, 2002இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் மூளை சிதைந்து வரும் சி.டி.ஈ. என்ற நோயின் அடையாளங்களைக் கண்டு 2005இல் கட்டுரை வெளியிட்டார். லீக்கின் டாக்டர்கள் அவர் தவறு செய்து விட்டார் என்று எழுதினார்கள். 2016இல்தான் லீக் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால், ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக் கொண்டார். அதற்குள் ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு, 2015இல் சமரசத் தீர்வும் கிடைத்திருந்தது. அதன்படி கொடுத்த பணம் பின்னர் 100 கோடி டாலரைத் தாண்டியது.

2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர், தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளைப் பரிசோதித்ததில் 110இல் இந்த நோய் இருந்தது. அறிகுறி தெரிந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்யும் என்பதால் எல்லோருக்கும் இதே கணக்கு என்று எடுத்துக் கொள்ள முடியாது. அதற்காக அலட்சியப்படுத்தவும் முடியாது. இந்த நோய் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிவது இறந்த பிறகுதான்.

மேலே சொன்ன சிப்பும் கேமராவும் இந்த இடத்தில்தான் உண்மையில் பயன்பட வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சம் பயன்படுகின்றன. பந்தை உதைத்துத் தொடங்கும் கிக் ஆஃபில் இரு பக்கமும் முழு வேகத்தில் ஓடி வந்து மோதுவதால் அதிகம் அடிபடுகிறது என்று தெரிந்தது. 2024இல் விதியை மாற்றி, இரு அணியினரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தார்கள். ஆனால் 17வது ஆட்டத்தைச் சேர்த்ததும் இதே லீக்தான். எந்த டேட்டாவும் அதைச் செய்யச் சொல்லியிருக்காது.

11 பேர் இல்லாவிட்டால் வேண்டாம்

கேம்ஸ் ஆடுபவர்களுக்கு மேடன் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஜான் மேடன் நிஜ மனிதர். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் பயிற்சியாளராக 1977இல் சூப்பர் பவுல் ஜெயித்து, பிறகு டிவி வர்ணனையாளர் ஆனவர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸ் 1980களில் அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காகப் போனார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் 22 பேரை ஓட விட மெமரி போதாது, அணிக்கு ஆறு ஏழு பேர் என்று வைத்துக் கொள்ளலாமா என்று கேட்டார்கள். 11 பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்பாலே இல்லை, என் பெயரைப் போடாதீர்கள் என்று மேடன் மறுத்து விட்டார். அதனால் வருடக் கணக்கில் தாமதம். கடைசியில் 1988இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 11 பேரோடு வந்தது. வருடா வருடம் புதிய பதிப்பு இன்று வரை வருகிறது. மேடன் 2021இல் காலமானார்.

பி.சி. வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேடன் 08க்குப் பிறகு பல வருடம் பி.சி.க்கு இந்தக் கேமே வரவில்லை. 2018இல் மேடன் 19தான் மறுபடி வந்தது. புதிய பதிப்புகளுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு தேவை. வாங்கும் முன் பெட்டியில் போட்டிருக்கும் தேவைகளைப் படித்துப் பாருங்கள். சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடாது.

உங்கள் கம்ப்யூட்டரில்

பணம் செலவழிக்காமல் பழக வேண்டுமா? யூடியூபில் என்.எஃப்.எல். தன் சேனலிலேயே ஒவ்வோர் ஆட்டத்தின் ஹைலைட்ஸையும் போடுகிறது. என்.எஃப்.எல். டாட் காம் தளத்தில் அட்டவணை, புள்ளிவிவரம் எல்லாம் உண்டு. எக்செல் கற்றுக் கொள்பவர்கள் ஓர் அணியின் 17 ஆட்ட ஸ்கோரை ஒரு ஷீட்டில் அடித்து ஆவரேஜ் போட்டுப் பழகலாம். புரோகிராமிங் தெரிந்த தம்பி தங்கைகள் இருந்தால் கேகிள் என்ற தளத்தில் பிக் டேட்டா பவுல் என்று தேடச் சொல்லுங்கள். மேலே சொன்ன சிப் டேட்டாவின் ஒரு பகுதியை லீக்கே அங்கே கொடுத்துப் போட்டி நடத்தியிருக்கிறது. டவுன்லோட் செய்யும் முன் ஹார்டு டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

முழு ஆட்டம் பார்ப்பதென்றால் தூக்கத்தைக் கொஞ்சம் தியாகம் செய்ய வேண்டும். அங்கே ஞாயிறு மதியம் என்றால் நமக்கு ஞாயிறு நள்ளிரவு. சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கும். நான் கடந்த சில வருடங்களாக அன்று லீவு போட்டு விடுகிறேன். மாலைக் கூட்டத்துக்கு மட்டும் போனில் வந்து விடுவேன். இப்போதெல்லாம் மியூட் பட்டனை அழுத்துவதில்லை.